மின்னூல்களைச் சட்டப்படி சேர்த்து, போன், கிண்டில், கணினி மூன்றிலும் ஒழுங்காக வைத்துக்கொள்வது: முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் மின்னூல் பற்றி என்னிடம் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கருவியை வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். பெட்டியை மேசைமேல் வைத்து, "சார், இதுல தமிழ்ப் புத்தகம் எப்படி ஏத்துறது?" என்பார்கள். வரிசை அங்கேயே தலைகீழாகிவிடுகிறது. உங்களுக்கு என்ன புத்தகம் வேண்டும், அது எங்கே, எந்த வடிவத்தில் கிடைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எந்தக் கருவி என்று முடிவு செய்ய முடியும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, கைவிட்டுப் போகாத ஒரு மின்னஞ்சல் முகவரியும் ஒரு போன் எண்ணும். நம் மலையில் இது சின்ன விஷயம் இல்லை. மேல் தெருவில் ஒரு சிம்முக்கு சிக்னல் இருக்கும், கீழ்த் தெருவில் வேறொன்றுக்கு. அதனால் ஆளுக்கு இரண்டு மூன்று சிம் வைத்திருக்கிறோம். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் ஒருநாள் இன்னொருவர் கைக்குப் போய்விடும். நானும் அப்படி ஒரு எண்ணில் கணக்குத் திறந்திருந்தேன். போனை மாற்றியபோது ஓடிபி பழைய எண்ணுக்கே போனது, வாங்கிய புத்தகங்களைத் திரும்பப் பார்க்க மூன்று வாரம் ஆயிற்று. எனவே, வீட்டில் யார் எண் நிரந்தரமாக ஓடுகிறதோ அதைக் கொடுங்கள். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இரண்டாவது, ஒரு கணினி. சொந்தமாக இல்லாவிட்டால் ஒரே ஒரு நாளைக்கு யாரிடமாவது கேட்டு வாங்கினாலும் போதும். போனிலேயே எல்லாம் செய்யலாம் என்பது உண்மைதான், ஆனால் நூறு புத்தகத்துக்கு மேல் சேர்ந்ததும் பெயர் திருத்துவதும் வடிவம் மாற்றுவதும் போன் திரையில் முடிகிற வேலை அல்ல.

மூன்றாவது, தரவு கடத்தும் யூஎஸ்பி கேபிள். சந்தையில் கிடைக்கும் மலிவான கேபிள்களில் பல சார்ஜ் மட்டுமே ஏற்றும். கிண்டிலை (அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவி) செருகியும் கணினியில் எதுவும் தெரியவில்லை என்றால், கருவியைச் சந்தேகிக்கும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

2. எது உங்களுக்கு உரிமையுள்ள புத்தகம் என்று பிரிப்பது

இதை முதலிலேயே செய்வதற்குக் காரணம் உண்டு. கலந்து சேர்த்த பிறகு எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்கவே முடியாது.

இந்தியாவில் ஆசிரியர் வாழ்நாளில் வெளியான நூலுக்கு, அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. கல்கி 1954இல் மறைந்தார். கணக்கு 1955இல் தொடங்கி 2014 முடிவில் தீர்ந்தது. இந்தக் கணக்கை நீங்களே போட்டுவிடலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அடுத்தது நாட்டுடைமை. தமிழக அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து ஓர் ஆசிரியரின் நூல்களைப் பொதுவாக்கினால், அந்த 60 ஆண்டுகள் முடியும் முன்பே அவற்றை யாரும் பதிப்பிக்கலாம். மூன்றாவது வகை, ஆசிரியரே உயிரோடிருக்கும்போது, பகிரும் அனுமதியை முன்கூட்டியே தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் தருவது. இதில் உரிமத்தின் வரியைப் படிக்க வேண்டும். சிலர் வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதிப்பார்கள். அதைப் படிக்கலாம், நண்பருக்கு அனுப்பலாம், அச்சடித்து விற்கக்கூடாது.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, மூலநூலையும் உரையையும் ஒன்றாக நினைப்பது. திருக்குறள் எல்லோருக்கும் உரியது. சென்ற ஆண்டு ஒருவர் எழுதிய உரை அவருக்கு உரியது. மொழிபெயர்ப்புக்கும் இதே விதிதான். ருஷ்ய ஆசிரியர் இறந்து நூறாண்டு ஆகியிருக்கலாம், தமிழில் பெயர்த்தவருக்கு உரிமை இருக்கலாம்.

சரி, வாட்ஸப்பிலும் டெலிகிராமிலும் வரும் பிடிஎஃப்? இன்று எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரின் புத்தகம் முழுதாக அப்படி வந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள், அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். தமிழில் எழுதுகிறவருக்கு வருமானம் எவ்வளவு குறைவு என்பது வாசகர்களான நமக்குத் தெரியாததில்லை. அதையும் நாமே பறிக்கக்கூடாது.

3. எங்கிருந்து எடுப்பது

சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையிலான நூல்களுக்கு முதலில் போக வேண்டிய இடம் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கிய தன்னார்வலர் பணி அது. நூல்கள் தட்டச்சாகவே இருப்பதால் எழுத்தைப் பெரிதாக்கலாம், சொல்லைத் தேடலாம்.

இக்கால எழுத்துக்கு ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ். ஒரே புத்தகத்தை ஈபப், மோபி, ஏ4 பிடிஎஃப், ஆறங்குலத் திரைக்கான பிடிஎஃப் என்று பல வடிவங்களில் தருகிறார்கள்.

நாட்டுடைமை நூல்களுக்கு தமிழ் விக்கிமூலம். இங்கே அவசரப்பட்டுப் பதிவிறக்கக்கூடாது. அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்து, கணினி எழுத்தாக மாற்றி, பிறகு மனிதர்கள் மெய்ப்புப் பார்க்கிறார்கள். புத்தகத்தின் அட்டவணைப் பக்கத்தில் ஒவ்வொரு பக்க எண்ணும் ஒரு நிறத்தில் இருக்கும். சிவப்பு என்றால் இன்னும் திருத்தவில்லை, மஞ்சள் ஒருமுறை திருத்தியது, பச்சை இரண்டாமவரும் சரிபார்த்தது. மஞ்சளும் பச்சையுமாக இருக்கும் புத்தகங்களை எடுங்கள். சிவப்பு நிறைந்ததை எடுத்துவிட்டு, "தமிழ் மின்னூலே இப்படித்தான், பிழை பிழையாக இருக்கும்" என்று படிப்பதையே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய பழைய பதிப்புகள் உள்ளன. ஆனால் அவை பெரும்பாலும் பக்கப் படங்கள். படிக்கப் பெரிய திரை வேண்டும்.

இன்னொன்றை நீலகிரிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நிறைய. அந்த வீட்டுப் பெரியவர்கள் கேட்பது பெரும்பாலும் இலங்கை மலையகத்து எழுத்து. அச்சில் இங்கே தேடி அலைய வேண்டியதில்லை, நூலகம் திட்டத்தின் இணையதளத்தில் ஈழத்து, மலையக நூல்களும் பழைய இதழ்களும் இருக்கின்றன. ஓர் அக்காவுக்கு அங்கிருந்து ஒரு பழைய இதழைத் திறந்து கொடுத்தேன். அட்டையைப் பார்த்ததும், "இது எங்க லயத்துக்கு வரும் தம்பி, அப்பா வாசிச்சுக் காட்டுவாரு" என்றார். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அங்கே பல நூல்கள் உரிமையாளரின் அனுமதியோடு வைக்கப்பட்டவை. படிக்கலாம், திருப்பி வெளியிடக்கூடாது.

4. வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஈபப் கிடைத்தால் ஈபப்பையே எடுங்கள். அதில் எழுத்து திரைக்கு ஏற்ப ஓடி நிற்கும். போனில் சில சொற்களே ஒரு வரியாகவும் டேப்லெட்டில் அதைவிடக் கூடுதல் சொற்கள் ஒரு வரியாகவும் தானே அமையும். பிடிஎஃப் அப்படி அல்ல. ஏ4 தாளில் அமைத்த பக்கம் ஆறங்குலத் திரையில் சுருங்கி எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடம் வலம் என்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

"கிண்டிலுக்கு மோபிதானே?" என்று கேட்பார்கள். முன்பு அப்படி. இப்போது, புத்தகத்தை இணையம் வழியாகக் கிண்டிலுக்கு அனுப்ப அமேசான் வைத்திருக்கும் 'சென்ட் டு கிண்டில்' சேவை ஈபப்பை ஏற்கிறது, மோபியை ஏற்பதில்லை. அதனால் கிண்டில் வைத்திருப்பவரும் ஈபப்பையே பதிவிறக்குங்கள்.

பிடிஎஃப் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் உடனே அதை ஈபப்பாக மாற்றக் கிளம்பாதீர்கள். ஆங்கிலத்தில் ஓரளவு சரியாக வரும், தமிழில் கெட்டுவிடும். அரவேணுவிலிருந்து வந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் மாற்றிக்கொண்டு வந்த கோப்பில் 'பொழுது' என்ற சொல், ஒற்றைக் கொம்பு ஒரு புள்ளி வட்டத்தோடு முன்னால் தனியாக நிற்க, 'பாழுது' என்று பின்னால் வந்துகொண்டிருந்தது. புத்தகம் முழுவதும் கொம்பு உள்ள எழுத்தெல்லாம் அப்படித்தான். காரணம், பிடிஎஃப் எழுத்தை ஒலி வரிசையில் வைப்பதில்லை, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைக்கிறது. தமிழில் கொம்பு முன்னால் தெரிந்தாலும் கணினிக் கணக்கில் மெய்யெழுத்துக்குப் பின்னால் வர வேண்டும். கருவியில் எந்த அமைப்பை மாற்றினாலும் இது சரியாகாது. அந்தப் பிடிஎஃப்பை அப்படியே வைத்துக்கொண்டு டேப்லெட்டிலோ கணினியிலோ படியுங்கள், அல்லது அதே நூல் ஈபப்பாக வேறெங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் எழுத்தே இல்லை, எல்லாம் படம். கிண்டிலில் அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் திரையைப் படுக்கவாட்டில் திருப்பி வையுங்கள். பாதிப் பக்கம் முழு அகலத்தில் தெரியும், ஓரளவு படிக்கலாம்.

இதற்குப் பிறகு கருவியை முடிவு செய்யுங்கள். உங்களுக்கு வேண்டிய பெரும்பாலானவை ஸ்கேன் நூல்கள் என்றால் பத்தங்குல டேப்லெட். நாவல், கட்டுரை என்றால் ஆறு, ஏழு அங்குல மின்மை வாசிப்பான், அதாவது கிண்டில்போலக் காகிதம் மாதிரித் தெரியும் திரையுள்ள கருவி. இரண்டும் இல்லாமல் கையில் உள்ள போனே போதும் என்று தொடங்குவதில் எந்தக் குறையும் இல்லை.

5. பதிவிறக்கியதும் சோதிப்பது

அட்டைப்படத்தைப் பார்த்து மூடிவிடாதீர்கள். நடுப் பக்கம் ஒன்றுக்குப் போய் நாலு வரி படியுங்கள். 'கொ', 'கோ', 'கௌ', 'ஸ்ரீ' எல்லாம் ஒழுங்காக நிற்கிறதா பாருங்கள்.

அப்புறம் கண்ணுக்குத் தெரியும் ஒரு சொல்லைத் தேடல் பெட்டியில் தமிழில் தட்டுங்கள். கிடைத்தால் அது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோட் எழுத்து. பக்கம் அழகாகத் தெரிந்தும் தேடலில் வரவில்லை என்றால் பழைய எழுத்துரு முறையில் செய்த கோப்பு அல்லது வெறும் படம். அதைக் கண்ணால் படிக்க மட்டும்தான் முடியும், போன் வாசித்துக் காட்டாது. பார்வை மங்கிய பெரியவர்களுக்காகச் சேர்க்கிறீர்கள் என்றால் இந்தச் சோதனையை விடவே கூடாது.

6. காலிபரில் ஒரே இடத்தில் சேர்ப்பது

காலிபர், மின்னூல்களை அடுக்கி வைக்கவும் வடிவம் மாற்றவும் கருவிக்கு அனுப்பவும் உதவும் இலவச மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முதலில் திறக்கும்போது நூலகக் கோப்புறை எங்கே என்று கேட்கும். அதற்குப் புதிதாக ஒரு கோப்புறை கொடுங்கள். பதிவிறக்கக் கோப்புறையையே காட்டிவிட்டால் எல்லாம் கலந்துபோகும்.

புத்தகங்களைச் சேர்த்ததும் செய்ய வேண்டியது பெயர் திருத்தம். எதையும் கருவிக்கு அனுப்பும் முன் இதை முடித்துவிடுங்கள். அனுப்பிய பிறகு திருத்தினால் கருவியில் பழைய பெயரே இருக்கும், ஒரே புத்தகம் இரண்டாகத் தெரியும். 'டவுன்லோடு 3' என்று வந்த கோப்புக்கு நூலின் பெயர், ஆசிரியர், மொழி என்ற மூன்றையும் நிரப்புங்கள்.

ஆசிரியர் பெயரில் ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'புதுமைப்பித்தன்', 'புதுமைபித்தன்' என்று இரண்டு இருந்தால் காலிபருக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். முன்னெழுத்துகளுக்குப் பின் இடைவெளி விடுங்கள். 'உ. வே. சாமிநாதையர்' என்று எழுதினால் சாமிநாதையர் என்ற பெயரில் வரிசைப்படும். இடைவெளி இல்லாமல் எழுதினால் 'உ' வரிசையில் போய் உட்காரும். ஐந்து பாகமாக வரும் நாவலுக்கு 'சீரிஸ்' என்ற இடத்தில் பாக எண்ணைக் கொடுங்கள், வரிசை குழம்பாது.

ஒரு எச்சரிக்கை. காலிபரின் கோப்புறைக்குள் நேரடியாகப் போய்க் கோப்புகளை நகர்த்தாதீர்கள், பெயர் மாற்றாதீர்கள். எது எங்கே இருக்கிறது என்று அது ஒரு பட்டியலில் வைத்திருக்கிறது. நீங்கள் கையால் மாற்றினால் பட்டியலும் கோப்பும் ஒத்துப்போகாது, புத்தகம் காணாமல் போனதாகக் காட்டும். திருத்தம் எதுவானாலும் காலிபருக்குள்ளிருந்தே செய்யுங்கள்.

7. கருவிகளுக்கு அனுப்புவது

ஆண்ட்ராய்டு போனுக்கு ரீட்எரா போன்ற ஒரு வாசிப்புச் செயலி போதும். கோப்பை போனில் போட்டால் தானே கண்டுபிடிக்கும், வாசித்தும் காட்டும். போன், டேப்லெட் இரண்டிலும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்றால் கூகுள் ப்ளே புக்ஸில் ஏற்றுங்கள். உங்கள் சொந்த ஈபப்பையும் பிடிஎஃப்பையும் அது ஏற்கும். ஐபோன், ஐபேடில் ஆப்பிள் புக்ஸ் ஈபப்பை அப்படியே திறக்கும்.

கிண்டிலுக்கு இரண்டு வழி. ஒன்று, மின்னஞ்சல். உங்கள் கிண்டிலுக்கென்று ஒரு முகவரியை அமேசான் தந்திருக்கும், கருவியின் அமைப்புகளில் பார்க்கலாம். அதற்கு ஈபப்பை இணைத்து அனுப்ப வேண்டும். ஆனால் அதற்கு முன் அமேசான் கணக்கில், அனுமதிக்கப்பட்ட அனுப்புநர் பட்டியலில் உங்கள் மின்னஞ்சலைச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காமல் அனுப்பினால் புத்தகம் வந்து சேராது. கண்டவரும் உங்கள் கருவிக்கு எதையாவது அனுப்பிவிடக்கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது. மின்னஞ்சலில் 50 எம்பி வரைதான் போகும். பெரிய கோப்பை சென்ட் டு கிண்டில் இணையப் பக்கத்தில் ஏற்றுங்கள், அங்கே 200 எம்பி வரை இடம் உண்டு.

இரண்டாவது வழி கேபிள். இணையம் சரியில்லாத ஊர்களுக்கு இதுதான் நல்லது. இதில் ஈபப்பை 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையில் நகலெடுத்துவிட்டு, புத்தகம் தெரியவில்லையே என்று காத்திருப்பவர்கள் பலர். கேபிள் வழியாகப் போட்ட ஈபப்பைக் கிண்டில் படிக்காது. காலிபரிலிருந்து 'சென்ட் டு டிவைஸ்' கொடுங்கள், ஏற்ற வடிவத்துக்கு மாற்றி அதுவே அனுப்பிவிடும்.

தமிழ் எழுத்து மெலிசாகத் தெரிந்தால் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஓர் எழுத்துருவைக் கிண்டிலின் 'ஃபான்ட்ஸ்' கோப்புறையில் போட்டு, படிக்கும்போது தேர்ந்தெடுக்கலாம்.

கிண்டிலுக்கு வைஃபை கிடைக்கவில்லை என்று போன் ஹாட்ஸ்பாட்டைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பழைய கிண்டில்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். போன் 5 கிகாஹெர்ட்ஸில் ஓடினால் ஹாட்ஸ்பாட்டின் பெயரே கிண்டிலின் பட்டியலில் வராது. ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4க்கு மாற்றுங்கள்.

8. விலை கொடுத்து வாங்குபவை

வாங்கும் முன் மாதிரிப் பக்கங்களைப் பதிவிறக்கி, ஐந்தாம் படியில் சொன்ன சோதனையைச் செய்யுங்கள். தமிழில் எழுத்தமைப்பு கவனமாகச் செய்யாத புத்தகங்களும் விற்பனைக்கு வருகின்றன.

ஆண்ட்ராய்டில் கிண்டில் செயலிக்குள் வாங்கும் பொத்தானைத் தேடாதீர்கள். பிரவுசரில் அமேசான் தளத்துக்குப் போய் அதே கணக்கில் வாங்கினால் செயலியில் வந்துவிடும். கணக்கு மாறினால் வராது. அப்பா ஒரு கணக்கில் வாங்கி, மகள் வேறு கணக்கில் தேடிக்கொண்டிருப்பது நான் அடிக்கடி பார்ப்பது. வீட்டுக்கு ஒரே கணக்கு என்று முடிவு செய்யுங்கள்.

வாங்கியது கோப்பு அல்ல, படிக்கும் உரிமம். 2025 பிப்ரவரி 26க்குப் பிறகு, வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி கேபிள் வழியாக ஏற்றும் வசதியையும் அமேசான் நிறுத்திவிட்டது. ஆகவே கருவி இணையத்தில் இருக்கும்போதே புத்தகத்தை அதில் இறக்கிவிட வேண்டும். அட்டை தெரிவதால் புத்தகம் உள்ளே இருக்கிறது என்று நம்பாதீர்கள், ஒருமுறை திறந்து பாருங்கள்.

அந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவை காலிபரில் திறக்காது. நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் என்ற பூட்டு அவற்றில் இருக்கிறது. அதை உடைக்கும் கருவிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நான் செய்து கொடுப்பதில்லை. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதை 2012 திருத்தத்துக்குப் பிறகு நம் பதிப்புரிமைச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது. பூட்டில்லாமல் விற்கும் பதிப்பகம் இருந்தால் அங்கே வாங்குங்கள், அந்தக் கோப்பு உங்களிடமே இருக்கும்.

பணம் கட்டிப் புத்தகங்களை இரவலாகப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில் ஒரே நேரத்தில் 20 புத்தகம் வரை வைத்துக்கொள்ளலாம். சந்தா நின்றால் அவையும் போய்விடும். ஒருமுறை படித்தால் போதும் என்பவற்றுக்கு இது சரி. திரும்பத் திரும்பப் புரட்டும் நூலை வாங்கிவிடுங்கள்.

9. மழைக்கு முன் காப்பு நகல்

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனுக்கு முன்பும், கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபருக்கு முன்பும் இதைச் செய்து முடியுங்கள். மரம் விழுந்து மின்சாரம் போனால் டவரும் போகும், இரண்டு மூன்று நாள் எதையும் இறக்க முடியாது. அந்த நாட்களுக்கான புத்தகங்களைக் கருவியிலேயே வைத்திருங்கள்.

காலிபர் கோப்புறையை முழுதாக ஒரு பென் டிரைவிலும், இன்னொரு நகலை வேறு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ வையுங்கள். காலிபரை மூடிவிட்டு நகலெடுங்கள், இல்லாவிட்டால் பாதி மாறிய பட்டியல் நகலாகும்.

கிண்டிலில் நீங்கள் கோடிட்ட வரிகள் 'மை க்ளிப்பிங்ஸ்' என்ற ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில், அதே 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையில் இருக்கும். புத்தகம் மறுபடி கிடைக்கும், குறிப்புகள் கிடைக்காது. அதையும் சேர்த்து எடுங்கள்.

ஊட்டியில் உறைபனிக் காலத்தில் மின்மைத் திரை மெதுவாகப் பக்கம் திருப்பும். அது பழுதல்ல, வெதுவெதுப்பான அறைக்கு வந்ததும் சரியாகிவிடும். வேகப்படுத்த வேண்டும் என்று அடுப்புப் பக்கம் வைத்துவிடாதீர்கள். சார்ஜ் துளையில் ஈரம் தெரிந்தால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே கேபிளைச் செருகுங்கள்.

நகல் எடுத்த அன்றே அந்தப் பென் டிரைவை வேறொரு கணினியில் செருகி, ஏதாவது ஒரு ஈபப்பைத் திறந்து நடுப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் அன்றைக்கே மறுபடி எடுத்துவிடலாம்.